மலையை எந்தத் தோளில் போடுவது?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் கரி பஸ்ஸில் போனோம், நானும் என் மனைவியும். போனோம் என்பது கொஞ்சம் மிகை. பாதித் தூரம் பஸ் எங்களைக் கொண்டுபோனது. மீதித் தூரம் நாங்கள் இறங்கி பஸ்ஸைக் கொண்டுபோனோம். பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்களே... அந்த அடுப்புக்கு அன்று மனசு சரியில்லை.

எங்களுக்கு முன் சீட்டில் ஒரு சேத்தூர் அம்மாள். உடம்பில் கன்ட்ரோல் கடைச் சேலை. துணிக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு யாருக்கு எது பிடிக்கும் என்று யார் கேட்கிறார்கள்? கடைக்காரர் நீட்டியதை வாங்க வேண்டும், வாங்கியதைக் கட்ட வேண்டும். அந்தச் சேலை முழுக்க மயில்கள். அத்தனை மயிலும் தலைகீழ். வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டே வந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “யாரு வேணுமின்னாலும் சிரிக்கலாம். நீங்க சிரிக்கப்படாது.”

வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் துணியைப் பற்றி நான் செய்கிற உபதேசம் கொஞ்சமா நஞ்சமா? எந்தக் கலர் சாயம் போகும், எந்தப் பூ யாருக்கு எடுப்பு... உங்களில் சிலர் மெனக்கெட்டுக் கார்டு போட்டு யோசனை கேட்கிறீர்கள். கேட்பதற்கு முன்னால் நான் அச்சடித்த முதல் சேலையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பொறவு உங்கள் பாடு.

பதினைந்து வருஷம் இருக்கும். மெட்ராஸில் காலேஜில் துணி அச்சு டிசைன் படிக்கப் போயிருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு படிப்புக்குப் போன முதல் ஆசாமி நான்தான். அடுத்து யாரும் போகவில்லை. அதற்கும் காரணம் நான்தான் என்று என் அக்காள் சொல்வாள்.

எங்கள் புரொபசர் நல்ல மனிதர். ஆனால் அது முகத்தில் தெரியாது. முதல் வருஷப் பிராஜெக்டை ஒரே வரியில் சொல்லிவிட்டார் — உங்கள் ஊரை எனக்கு ஒரு சேலையில் காட்டு. படம் வரைவதிலிருந்து அச்சுக்கட்டை செதுக்குவது, சாயம் காய்ச்சுவது, துணியில் ஒற்றுவது வரை எல்லாம் நம் கையால். அதோடு முடிந்ததா? இல்லை. சேலையை விடுமுறையில் ஊருக்கு எடுத்துப் போக வேண்டும். நம் ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு பெண் அதை ஒரு நாள் முழுக்க, நாலு பேர் பார்க்கிற இடத்தில் உடுத்த வேண்டும். எப்படி இருந்தது என்று அவள் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

இன்னொரு வருஷமா? எங்கள் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஜின்னிங் பேக்டரியில் வேலை. சாயங்காலம் புருவமெல்லாம் பஞ்சாக வீட்டுக்கு வருவார். நான் மெட்ராஸுக்கு ரயிலேறும்போதே திட்டமாகச் சொல்லிவிட்டார்: ஒரு தடவை தவறினால் படிப்பு போதும், பேக்டரியில் பஞ்சு எடை போடுகிற இடத்தில் ஒரு ஸ்டூலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று. அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்த ஸ்டூலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மூன்றே கால்கள்.

சரி, ஊரை எப்படிச் சேலையில் காட்டுவது? ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் போடலாம் என்றால், கோபுரத்தைத் தரையில் புரளவிட்டாயா என்று கோயில்காரர்கள் ஒரு பக்கம் வருவார்கள். வேதக்காரப் பயலுக்குக் கோபுரம் எதுக்கு என்று எங்கள் கிறிஸ்தவச் சபையார் மறுபக்கம் வருவார்கள். பஞ்சு மூட்டையைப் போடலாம் என்றால் அதை எந்தப் பெண் உடுத்துவாள்? யோசித்து யோசித்து... ராஜபாளையம் நாயைப் போட்டேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் நாய் லேசுப்பட்டதா? ஜமீன்களிலெல்லாம் கட்டி வளர்க்கிற ஜாதி. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, வில்லாய் வளைந்த வால். அதில்தான் முதல் சிக்கல். வெள்ளைத் துணியில் வெள்ளை நாயை எப்படி அச்சடிப்பது? கறுப்பில் கோடு மட்டும் போட்டு, மூக்குக்கு ஒரு பொட்டு சிவப்பு வைத்தேன். சேலை முழுக்க வரிசை வரிசையாக நாய்கள் நின்றன. முந்தானையில்தான் என் முழுத் திறமையும் — பச்சையும் நீலமுமாக மேற்கு மலை, அதன் அடிவாரத்தில் கண்மாய், கண்மாயில் நாரை. அந்த மலைக்கு மட்டும் நாலு கட்டை செதுக்கினேன். இரண்டு விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

துணியை மேஜையில் விரித்து, இடது கோடியில் மலையை வைத்து, அங்கிருந்து வலது பக்கமாக நாய்களை ஒற்றிக்கொண்டே போனேன். நாம் எழுதுவது இடமிருந்து வலமாகத்தானே? பெரிய சங்கதியை முதலில் வைப்பதுதானே முறை? இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? கேட்கிற நீங்கள் ஆண்பிள்ளை. பெண்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

சேலையோடு நேரே ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காள் வீட்டில் போய் இறங்கினேன். எஸ்தர் அக்காளுக்கு என் மேல் பாசம் அதிகம், மரியாதைதான் கிடையாது. ரத்த சம்பந்தம் என்பதால் அவள் கடிதம் செல்லாது. ஆனாலும் ஆசையாகக் கட்டிப் பார்த்தாள். அறைக்குள் போய்விட்டு வெளியே வந்து நின்றாள். நாயெல்லாம் நேராக நின்றது. தோளில் கிடந்த முந்தானையிலும் வெறும் நாய்கள்.

மலை எங்கே என்று பதறிப்போய்க் கேட்டேன்.

அக்காள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “இந்தா இருக்கு. உள்ள சொருகியாச்சு. ஏலே, சேலைய எந்தப் பக்கத்திலேருந்து சுத்துவாகன்னு கூடத் தெரியாதாலே உனக்கு?”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சேலை கட்டிய பெண்ணைப் பிறந்ததிலிருந்து தினம் பார்க்கிறேன். கட்டுவதை ஒரு நாளாவது கவனித்தேனா? வலது இடுப்பில் சொருகி, சுற்றிக் கொண்டுவந்து, இடது தோளில் போடுகிறார்கள். அப்படியானால் முந்தானை இருக்க வேண்டியது வலது கோடியில். நான் வைத்தது இடது கோடியில்.

அக்காள் விடவில்லை. சேலையை மேல் கீழாகத் திருப்பிக் கட்டினாள். மலை கம்பீரமாகத் தோளுக்கு வந்துவிட்டது... ஆனால் அத்தனை நாயும் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. ஊரில் நாய்க்கு ஏதோ கொள்ளை நோய் வந்த மாதிரி இருந்தது. கடைசியாக உள்புறத்தை வெளிப்புறமாக்கிக் கட்டினாள். மலையும் சரி, நாயும் சரி, சாயம்தான் தெரியவில்லை. பனியில் என்னமோ நடமாடுகிற மாதிரி இருந்தது.

மறுபடி அச்சடிக்கத் துணியும் இல்லை, நாளும் இல்லை. ராஜபாளையத்துக்குப் போய் எதிர்வீட்டு ராஜு அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர்கள் சேலையை ஆசையாகத் தடவிவிட்டு, கன்றுக்குட்டி நல்லா வந்திருக்கு என்றார்கள். நாய் என்று சொன்னேன். “குக்கயா?” என்று தெலுங்கில் ஒரு தடவை கேட்டவர்கள்தான், பிறகு சிரித்துச் சிரித்து இருமல் வந்து உள்ளே போய்விட்டார்கள். அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஸ்டூலுக்கு நாலாவது கால் போட்டாச்சு என்றார்.

காலேஜ் திறக்க ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் அக்காளுக்கு ஒரு யோசனை உதித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை. உங்களுக்குத் தெரிந்ததுதான் — அவரவர் வயலில் விளைந்தது, வீட்டில் வளர்ந்தது, கையால் செய்தது எல்லாவற்றையும் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். காணிக்கைப் பொருளைக் குறை சொல்லக் கூடாது, வீட்டில் சும்மா போட்டு வைக்கவும் கூடாது என்பது எங்கள் சபையில் வழக்கம். சேலையை ஏலத்தில் எடுக்கிற வீட்டில் எவளாவது ஒருத்தி உடுத்தித்தானே ஆக வேண்டும்? ஆண்டவரைத் துணைக்கு இழுப்பது சரியா என்று கேட்டேன். உன்னை வேறு யார் காப்பாற்றுவார்கள் என்று அக்காள் கேட்டாள்.

ஏலம் விட்டவர் சபையின் உபதேசியார். ஒரு பூசணிக்காய், இரண்டு கோழி, ஒரு படி துவரை எல்லாம் போன பிறகு என் சேலையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். காடு கரையுள்ள கூமாப்பட்டிச் சம்சாரி ஒருவர் ஏலம் கேட்க ஆரம்பித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போய், அண்ணாச்சி, வீட்டில் அவிய கட்டிக்கவா என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அவர் பசு சினையாம். கன்றுக்குட்டிப் படம் போட்ட காணிக்கைத் துணியை அதன் முதுகில் போட்டால் நல்லபடியாகக் கன்று போடும் என்று நினைத்தாராம்.

பசு எனக்குக் கடிதம் எழுதித் தருமா?

ஏலம் ஒரு தரம் என்றாகி, இரண்டு தரமும் ஆகிவிட்டது. எனக்குக் கண்ணில் ஸ்டூல் தெரிந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் ஏலத்தைக் கூட்டிக் கேட்டது. கூமாப்பட்டியார் ஏற்றினார். அந்தக் குரலும் ஏற்றியது. அவர் கடைசியில் பசுவை ஆண்டவரிடமே விட்டுவிட்டு ஒதுங்கினார். குரலுக்குச் சொந்தக்காரி பெண்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர், வன்னியம்பட்டிக்காரி, பேர் கிருபை.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் நேரே என்னிடம் வந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய முந்தானை வலது தோளில் கிடந்தது.

அவள் இடது கைக்காரி. பிடிப்பது, சொருகுவது, கொசுவம் வைப்பது எல்லாம் இடது கை. அதனால் மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்புறமாகச் சுற்றுவாள். கட்டம், கோடு போட்ட சேலை என்றால் சிக்கலில்லை. பூச்செடி, பறவை என்று நிற்கிற படம் போட்ட சேலை எதைக் கட்டினாலும் அவளுக்குத் தலைகீழாகத்தான் நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேலை அவள் பக்கத்திலிருந்து தொடங்குவதை உபதேசியார் கையில் பார்த்திருக்கிறாள்.

நீங்களும் இடது கையா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எப்படி எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சேலை அடிக்கத் தோன்றியது என்று கேட்டாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? நாக்கு சும்மா இருக்குமா? “இடக்கைக்காரங்கள யாரு டீச்சர் நெனைச்சுப் பாக்கா... அதான்” என்று இழுத்து, முகத்தைக் கருணையாக வைத்துக்கொண்டேன். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போகிறேன், சாயங்காலம் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அக்காள் வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் டீச்சர் அந்தச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். வலது தோளில் மேற்கு மலை. நாயெல்லாம் நாலு காலும் தரையில் ஊன்றி நின்றன. என் சேலை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

எழுதி வைத்திருந்த கடிதத்தை அவளே படித்துக் காட்டினாள். இடக்கைக்காரர்களின் கஷ்டத்தை மனதில் கொண்டு, மிகுந்த கரிசனத்தோடு இதைச் செய்திருக்கிறார் என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். புரொபசர் மட்டும் அதைப் படித்தால் எனக்கு மெடலே கொடுத்திருப்பார். படித்து முடித்துவிட்டு டீச்சர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “சின்னப் பிள்ளையில சாப்பிடும்போது இந்தக் கைய முதுகுக்குப் பின்னால கட்டிப் போடுவாக. எல்லாரும் தப்புன்னு சொன்னத நீங்க ஒருத்தராவது சரின்னு நெனைச்சு அச்சடிச்சிருக்கீகளே.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பெரிய யோக்கியன் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கக் கை நீளவில்லை. சொல்லிவிட்டேன். மேஜை, இடது கோடி, அக்காள், பேக்டரி ஸ்டூல்... எல்லாவற்றையும் சொன்னேன்.

டீச்சர் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். எனக்காகப் பஞ்சு மூட்டைகள் காத்திருப்பது தெரிந்தது. போகத் திரும்பினேன்.

“செத்த நேரம் இருங்க” என்றாள்.

உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் பசை போட்டு ஒட்டிய ஒரு கவரோடு வந்தாள். புரொபசர் கையில்தான் கொடுக்க வேண்டும், வழியில் பிரிக்கக் கூடாது என்றாள். முகத்தில் கோபமா, என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மெட்ராஸ் போகும்வரை ரயிலில் அந்தக் கவரை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கெட்டிக் காகிதம். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

புரொபசர் வகுப்பில் எல்லார் முன்னாலும் பிரித்தார். எழுத்துக்கூட்டுவது போல ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார்:

“ஐயா, இந்தச் சேலையை ஒரு நாள் முழுக்க உடுத்தினேன். நான் இடக்கைக்காரி. படம் போட்ட சேலை எனக்குச் சரியாக அமைந்தது இதுவே முதல் தடவை. ஆகையால் மற்ற எல்லாப் பெண்களுக்கும் இது தப்பாக அமையும் என்று தெரிந்துகொள்ளவும். இதைச் செய்தவர் முதலில் என்னிடம் பொய் சொன்னார். பிறகு, கேட்காமலே உண்மையைச் சொன்னார். மலை நன்றாக இருக்கிறது. மிருகம் நாய் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.”

வகுப்பு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. புரொபசர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “பாஸ்” என்றார். “சேலைக்கு இல்லை. இந்தக் கடிதத்துக்கு.”

அதோடு ஒரு தண்டனையும் உண்டு. திங்கட்கிழமைதோறும் வகுப்பு தொடங்கு முன் நான் எல்லார் முன்னாலும் ஒரு சேலையைக் கட்டிக் காட்ட வேண்டும், கொசுவம் கலையாமல் நிற்கும்வரை. ஒரு டெர்ம் முழுக்கக் கட்டினேன். முதல் மாதம் ஒவ்வொரு திங்களும் சேலை காலடியில் கிடந்தது. நான் அதில் தடுக்கி விழுந்து கிடந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் போட்ட எந்த டிசைனிலும் ஒரு பூகூடத் தலைகீழாக நின்றதில்லை. எதைச் செய்தாலும் அதை ஒரு தடவையாவது நாமே உடுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று நான் அடிக்கடி இங்கே எழுதுவேனே... அது புத்தகத்தில் படித்ததில்லை.

ஸ்டூல் வேறு யாருக்கோ போயிற்று. டீச்சருக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு போட்டேன். பதில் வந்தது. பதிலுக்குப் பதில் போட்டேன். படிப்பு முடிந்த வருஷம் அக்காள் வன்னியம்பட்டிக்குப் பெண் கேட்கப் போனாள். நாய் வரையக் கற்றுக்கொண்டாரா என்று மட்டும் கேட்டாளாம் பெண்.

ஆமாம்... பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை அதட்டியது அவள்தான்.

அன்று நான் சிரித்த சத்தத்தில் அந்தச் சேத்தூர் அம்மாள் திரும்பி, என்னத்துக்கு அய்யா சிரிக்கீக என்று கேட்டுவிட்டாள். என் மனைவி முன்னால் குனிந்து, சேலையை இடது இடுப்பிலிருந்து தொடங்கி எதிர்ப்புறமாகச் சுற்றி வலது தோளில் போட்டுப் பாருங்கள், மயிலும் நேராக நிற்கும், முந்தானையும் வெளியே இருக்கும் என்று பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தாள். தன் தோளையும் தொட்டுக் காட்டினாள்.

அந்த அம்மாள் தயங்கினாள். “அப்படிக் கட்டினா ஊரு சிரிக்குமேம்மா.”

“இப்ப மட்டும் என்ன செய்யுதாம்?” என்று என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நல்லவேளை, பஸ் நின்றுவிட்டது. முதல் ஆளாக இறங்கித் தள்ளப் போய்விட்டேன்.